ஒன்பது அங்குலத்துக்குக் கீழே

மார்ஜரி தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைப்பாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல அந்தத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஆளில்லை. கிளினிக்கில் நர்ஸ் மிஸி ஒரு கொதி போதும் என்று சொன்னால் இவள் மூன்று கொதி விடுவாள். கேத்தலில் தண்ணீர் பாதியாய் வற்றும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். அவள் நெஞ்சில் பால் வற்றிப்போனதால் பால்மாவில் வளர்கிற கைக்குழந்தை, பெண்பிள்ளை. தண்ணீரிலாவது குறை வைக்கக்கூடாது என்பது அவள் எண்ணம்.

அப்படி வளர்ந்த பிள்ளைக்கு உதடு நீலமானது.

குளிராக இருக்கும் என்று நினைத்துத் தொப்பி போட்டாள். காலுறை போட்டாள். பிறகு நகக்கண்ணும் நீலமானபோது பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே மருந்து ஏற்றினார்கள். நீலம் மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகுதான் டொக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பால்மாவ எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?"

"கெணத்துத் தண்ணிங்க டொக்டர். நல்லா கொதிக்க வச்சுத்தான். பாதியா வத்துற வரைக்கும்."

கடைசிச் சொல்லைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"இது கிருமி இல்லம்மா, கொதிச்சா சாகுறதுக்கு. உரத்துல இருந்து வர்ற உப்பு. நைத்திரேற்று. தண்ணி ஆவியா போயிரும், அது அப்பிடியே நிக்கும். நீங்க வத்த வைக்க வைக்க அது தடிப்பாகுது. பச்சப்புள்ள ரத்தத்துல அது போனா, ரத்தம் மூச்சை சொமக்காது."

மார்ஜரிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. அவள் நல்ல தாயாக இருக்க இருக்கப் பிள்ளை நீலமாகியிருக்கிறது.

"இன்னொருதரம் அந்தத் தண்ணி உள்ள போச்சுன்னா நான் பொறுப்பு சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். "தண்ணி அதிகாரசபைக்குப் போங்க. பவுசர் லொறியில தண்ணி அனுப்பச் சொல்லிக் கேளுங்க."

பல்லேபொலைப் பக்கம், மார்ஜரி இருக்கிற சின்னக்கந்தை லயத்துக்கு மேலே உள்ள சரிவில் முன்பு கொக்கோவும் மிளகும் பலாவும் அடர்ந்து நின்றன. மழை இலை இலையாக இறங்கிச் சருகில் ஊறும். வேர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடும். அந்த மிச்சம்தான் கிணறு. போன வருஷம் ஒரு கம்பெனி வந்து குத்தகைக்கு எடுத்தது. மரங்களை வெட்டி, மண்ணைக் கிண்டிப் பாத்தி பிடித்து, போஞ்சி என்கிற பீன்ஸ் போட்டது. மழை இருட்டும்போதெல்லாம் யூரியா உரத்தைக் கைகையாக வீசுவார்கள். மழை அதையும் கூட்டிக்கொண்டு இறங்கும். போஞ்சி வேர் சிறியது. அது குடித்தது போக மீதி எல்லாம் லயத்துக் கிணற்றுக்குத்தான்.

மார்ஜரியின் புருஷன் ரொஹானும் அந்தப் போஞ்சியில்தான் வேலை. லயத்தில் பாதிப்பேருக்கு அங்கேதான் சம்பளம். அதனால் கிணற்றைப் பற்றி அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

மண்ணடி நீர் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயம் டவுனில் மூன்று மாடி. தண்ணீரை அவர்கள் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். வானத்திலிருந்து தரையைத் தொடும்வரை ஒரு பிரிவு. தரைக்கு மேல் ஓடும்போது ஒரு பிரிவு. மண்ணுக்குள் இறங்கும்போது ஊடுவடி நீர்ப் பிரிவு. கிணற்றில் விழுந்ததும் கிணற்றுப் பிரிவு. ஒரு துளி மழை கிணற்றுக்கு வந்துசேர்வதற்குள் இரண்டு மாடி ஏறி இறங்கவேண்டும்.

மார்ஜரி பிள்ளையோடு கிணற்றுப் பிரிவுக்குப் போனாள். சரோஜாதேவி மிஸ் கண்ணாடியை இறக்கி, பிள்ளையைப் பார்த்து "ச்சோ" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

"தண்ணி கெணத்துக்குள்ள வந்து கெட்டுச்சா, இல்ல கெட்டுப்போய்த்தான் கெணத்துக்கு வந்திச்சா?"

"கெட்டுத்தாங்க வந்திருக்கும் மிஸ்."

"அப்ப எங்களுக்கு இல்ல. வந்த தண்ணியத்தான் நாங்க பாப்போம். வர்ற வழியில எங்க போனே, யாரோட சேந்தேன்னு கேக்குறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல. மேல போங்க, ஊடுவடி."

மேல் மாடியில் ஊடுவடி நீர்ப் பிரிவில் மேசை இருந்தது. கதிரை இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதிரையின் முதுகில் ஒரு துவாய். ஆள் மட்டும் இல்லை. மார்ஜரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் தந்த கடைசிப் போத்தலைக் கொடுத்தாள். கூட்டுகிற அம்மா வந்து அவளைச் சுற்றிக் கூட்டினார்.

"இங்க சேர் எப்பங்க வருவாரு?"

"இங்க சேரே இல்ல புள்ள. இன்னும் ஆள் போடல."

"அப்ப ஃபேன் சுத்துதே?"

"பதவி இருக்குல்ல? அதுக்கு வேர்க்காதா?"

கடைசியில் அவளைப் பணிப்பாளர் கலாநிதி பிரதீபனிடம் அனுப்பினார்கள். நல்ல மனிதர். எழுந்து நின்று கதிரை போடச் சொன்னார். பிள்ளையின் பெயரைக் கேட்டார். மதுஷிகா என்று சொன்னதும், அழகான பெயர் என்றார். சுவரில் பெரிய வரைபடம் ஒன்று. அதில் விரலை ஓட்டிச் சின்னக்கந்தையைக் கண்டுபிடித்தார்.

"இங்க பாருங்க தங்கச்சி. ஒங்க கெணத்துக்கு மேல பச்சை. பச்சைன்னா கொக்கோ, மிளகு. கொக்கோவுக்கு அடியில வர்ற தண்ணியில நைத்திரேற்று இருக்க முடியாது. விஞ்ஞானம் அப்பிடி."

"இப்ப போஞ்சிங்க சேர்."

"போஞ்சின்னா மஞ்சள் கலர்ல இருக்கணும்."

மார்ஜரி வரைபடத்தைப் பார்த்தாள். பச்சையாகத்தான் இருந்தது.

"சரி, போஞ்சின்னே வச்சுக்குவோம்" என்றார் பணிப்பாளர், பெருந்தன்மையோடு. "அப்பவும் பயப்படத் தேவையில்ல. எங்கட கொள்கையின்படி பயிருக்குப் போடுற உரம் மேல் மண்ணுல ஒன்பது அங்குலத்துக்குள்ள நிக்கணும். அதுக்குக் கீழ எறங்குறதுக்கு அதுக்கு அனுமதி கிடையாது. இதுக்காக ரெண்டு வருஷம் நாங்க கூட்டம் போட்டிருக்கோம். வெளிநாட்டுல இருந்தும் ஆக்கள் வந்தாங்க. பாராட்டிட்டுப் போனாங்க."

"எறங்கிருச்சுங்களே சேர்."

"எறங்கியிருந்தா அது விதிமீறல்" என்றார் பணிப்பாளர். முகம் இறுகியது. நைத்திரேற்றின் நடத்தை அவரை உண்மையிலேயே புண்படுத்தியிருந்தது.

அவள் அழவில்லை. பிள்ளையைத் துண்டிலிருந்து எடுத்து மேசையில், கோப்புகளுக்கு நடுவில், படுக்க வைத்தாள். "இதுக்கு இன்னைக்கிப் பின்னேரம் கரைச்சுக் குடுக்கத் தண்ணி இல்லீங்க சேர்" என்றாள். பிள்ளை பணிப்பாளரின் டையைப் பிடித்தது.

பரிசோதனை முடியும்வரை சின்னக்கந்தைக்குப் பவுசர் அனுப்புவதென்றும், மாதிரி எடுக்கத் தாமே நேரில் வருவதென்றும் அவர் அன்றைக்கே உத்தரவு போட்டார். மார்ஜரி அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

பவுசர் வந்தது. பிள்ளையின் நகங்கள் ரோஸ் நிறமாகின. சிரிக்கத் தொடங்கியது. மார்ஜரி தூங்கத் தொடங்கினாள்.

அதிகாரசபை வரப்போகிறது என்ற செய்தி லயத்துக்கு வந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் கபிரியேல் ஆட்களைக் கூட்டினார். ஆயர் வந்தபோது ரோட்டுக்கு வெள்ளையடித்த கல் வைத்தது அவர்தான். மந்திரி வந்தபோது லயத்து நாய்களைப் பிடித்துக் கட்டிப்போட்டதும் அவர்தான்.

"பெரிய மனுசங்க வர்றாங்க. கெணத்த இந்தக் கோலத்துலயா காட்டுறது? நாளைக்கு டவுன்ல போய் என்ன சொல்லுவாங்க? சின்னக்கந்தையான் பாசி தண்ணி குடிக்கிறான்னு சொல்லுவாங்க."

மானம் என்று வந்தால் சின்னக்கந்தையில் சோம்பல் கிடையாது. மாதிரி எடுக்கிற நாள் மார்ஜரிக்குக் கிளினிக் நாள். அவள் விடிந்ததும் பஸ் ஏறினாள். அவள் திரும்பி வருவதற்குள், போஞ்சித் தோட்டத்து மோட்டாரை இரவல் வாங்கிக் கிணற்றை அடிவரை இறைத்துவிட்டார்கள். பாசியைச் சுரண்டி, கல்லைத் தேய்த்து, சுவருக்கு வெள்ளை அடித்து, தென்னோலைத் தோரணம் கட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு எட்டிப் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் இல்லை. ஊற்று நின்று நிதானமாகத்தான் ஊறும். அதிகாரசபையோ பலாபத்வலை தாண்டிவிட்டது என்று போன் வந்தது. வெறுங்கிணற்றைக் காட்டி விருந்தாளியை அனுப்புவதா?

அந்த நேரம் பார்த்துப் பவுசர் வந்தது.

மார்ஜரி பஸ்ஸை விட்டிறங்கி மேட்டில் ஏறியபோது, பவுசரின் குழாய் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவருக்கும் சந்தோஷம். குடம் குடமாக ஊற்றித் தரவேண்டியதில்லை.

"ஐயோ, என்னங்க செய்றீங்க! கெணத்துத் தண்ணியத்தானே அவங்க பாக்க வர்றாங்க!"

"கெணத்துலதானே ஊத்துறோம்" என்றார் கபிரியேல். "ஏ புள்ள, நீ சும்மா இரு. ஒன் புள்ளைக்காகத்தான் இவ்வளவும். அசிங்கமா இருந்தா அவங்க எறங்கியே பாக்கமாட்டாங்க."

அவள் ரொஹானைப் பார்த்தாள். வெள்ளைச் சுண்ணாம்பு பட்ட கையோடு அவன் வேறு பக்கம் பார்த்தான்.

வந்திறங்கிய பணிப்பாளர், கழுத்தில் போட்ட மாலையோடு கிணற்றைச் சுற்றி வந்தார். பிறகு மேலே சரிவையும் பார்க்க விரும்பினார். பாத்திகளுக்கு நடுவே சப்பாத்துக் காலோடு நடந்து, ஒரு பிஞ்சுப் போஞ்சியைக் கிள்ளிக் கடித்தார். "நல்ல பிஞ்சு" என்றார். இன்னொன்றையும் கடித்தார். "கொக்கோவுக்கு ஏத்த மண்" என்றார்.

மாதிரி எடுக்க வந்தவள் சிவநந்தினி என்ற இளம் உத்தியோகத்தர். போத்தலைக் கயிற்றில் இறக்கி எடுத்து, மூடுவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கணம் நின்றாள். மார்ஜரி அவள் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"மிஸ், இது பவுசர் தண்ணி. இப்பத்தான் ஊத்தினாங்க. கெணத்துத் தண்ணி இல்ல."

"தெரியுதுக்கா. குளோரின் மணக்குது."

"அப்ப சொல்லுங்களேன்."

"கெணத்துல இருக்கிற தண்ணி கெணத்துத் தண்ணின்னுதான் சட்டத்துல இருக்கு. எங்க இருந்து வந்திச்சுன்னு மாதிரிகிட்ட கேக்கக்கூடாது." அவள் போத்தலை மூடினாள். "போன தடவ ஒரு எடத்துல கேட்டுட்டேன். ஆறு மாசம் வானத்துப் பிரிவுல போட்டாங்க. அங்க மழை பெஞ்சா மட்டுந்தான் வேலை."

பரிசோதனை முடிவு வந்தது. மாவட்டத்திலேயே சின்னக்கந்தைக் கிணற்று நீர்தான் மிகச் சுத்தம். அதிகாரசபையின் சொந்தப் பவுசர் தண்ணீரைவிட அது அரைப் புள்ளி கூடச் சுத்தம் என்றும் ஒரு வரி இருந்தது. அதை ஆராய ஒரு குழு நியமித்தார்கள்.

அன்றோடு பவுசர் நின்றது.

அதன் பிறகு ரொஹான் வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் பலாபத்வலைக்குப் போவான். அங்கே ஸக்கரியா நானாவின் கடைக்குப் பின்னால் டவுன் பைப்பு உண்டு. ஒரு கேன் பிடித்துக்கொண்டு வருவான். பிள்ளைக்கு மட்டும். மார்ஜரியும் ரொஹானும் கிணற்றைத்தான் குடித்தார்கள். கேனைக் கட்டிலுக்கடியில் வைத்து, பிள்ளைக்குக் கரைக்கும்போது சிந்தாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். பஸ் வராத நாள்களில் அவள் நெஞ்சு பஸ் சத்தத்துக்கே காத்துக் கிடக்கும்.

இந்த நிலையில்தான் சின்னக்கந்தைக் கிணற்றை மாவட்டத்தின் மாதிரிக் கிணறாகப் பிரகடனம் செய்யும் விழா வந்தது.

பந்தல் போட்டார்கள். மேடையில் பெரியவர்களுக்குப் போத்தல் தண்ணீர் வைத்தார்கள். பணிப்பாளர் பேசினார்.

"இந்தக் கெணறு நமக்கு ஒரு பாடம். மேல என்ன நடந்தாலும் கீழ சுத்தமா இருக்கலாம்னு இது காட்டியிருக்கு. சிலர் கேக்குறாங்க, நீங்க மண்ணுக்குள்ள எறங்கிப் பாத்தீங்களான்னு. நான் அவங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். எறங்கிப் பாத்தா என்ன இருக்கும்? இருட்டு! இருட்டுல பாத்து முடிவெடுக்கிற நிறுவனம் இல்ல இது. நாங்க முடிவெடுத்துட்டுத்தான் பாப்போம்."

கைதட்டினார்கள். கபிரியேலுக்குக் கண் கலங்கியது.

"முறைப்பாடு செஞ்ச அந்தத் தாய் இங்கதான் இருக்காங்க. எங்களுக்கு அவங்க மேல கோபமே இல்ல. அந்தக் குழந்தைக்குத்தான் இந்த மாதிரிக் கெணத்துல முதல் போத்தல்!"

மார்ஜரியைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். சரோஜாதேவி மிஸ் ஒரு புதிய சூப்பிப் போத்தலோடு வந்தார். பால் ஏற்கெனவே கரைத்திருந்தது.

"ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க" என்றார் அன்பாக. "காலையில இருந்து கொதிக்க வச்சு எடுத்தது. ஒரு பானைத் தண்ணிய இவ்வளவா வத்த வச்சேன். புள்ள குடிக்கிறது இல்லையா."

போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடினார். பிள்ளை பசியில் போத்தலைக் கண்டதும் வாயைத் திறந்தது. மார்ஜரி கூட்டத்தைப் பார்த்தாள். லயத்துச் சனம் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. ரொஹான் பின்வரிசையில் எழுந்து நின்றான். நின்றான், அவ்வளவுதான். போத்தல் பிள்ளையின் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்துக்கு வந்தது.

மார்ஜரி போத்தலைப் பிடுங்கினாள். சூப்பியைக் கழற்றி எறிந்தாள். அண்ணாந்து, மடக் மடக்கென்று முழுவதையும் தானே குடித்தாள். தாடையில் பால் வழிந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது.

சொல்லவேண்டியதை இனித்தான் சொல்லவேண்டும் என்று அவள் வாயைத் துடைத்தாள். அதற்குள் பணிப்பாளர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பாத்தீங்களா! ஒரு தாயே தன் வாயால சான்று சொல்லிட்டா!"

இந்த முறை கைதட்டல் நிற்கவே இல்லை. இதைக் குடிக்கக்கூடாது என்று அவள் சொன்னது அதற்குள் அமுங்கிப்போனது.

படம் எல்லா போனுக்கும் போனது. அண்ணாந்து குடிக்கிற இளம் தாய், இடுப்பில் பிள்ளை, பின்னால் தோரணம். அதன் கீழே அதிகாரசபை ஒரு வரிதான் எழுதியிருந்தது: தாய் குடித்தாள், நாமும் குடிப்போம்.

மறுநாள் ரொஹான் பலாபத்வலையிலிருந்து கேனை அரைவாசி மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தான். ஸக்கரியா நானா போனைக் காட்டினாராம். "மவன், ஒங்கட கெணத்துக்கு மெடலே குடுத்தீக்காங்க. ஒங்கட பொஞ்சாதியே குடிக்கிறா. எங்கட பைப்புல ஏன் வரிசையில நிக்கிறீங்க? டவுனுக்கே தண்ணி வெட்டுறாங்க. இதான் கடைசி, கோவிக்காதீங்க" என்றாராம்.

"நீ ஏன் மார்ஜி குடிச்ச?" என்றான் ரொஹான்.

"வேற எங்க ஊத்த? அவ வாயிலயா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்து, சுண்ணாம்பு பட்டு வெடித்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அரைக் கேனை அவள் அளந்து அளந்து செலவழித்தாள். அது முடிகிற கட்டத்தில் ஒரு காலை, ரோட்டுக்குக் கீழே முஸ்லிம் வளவில் இருந்து நுஸ்லா குடத்தோடு மேடேறி வந்தாள். அவளுடைய கிணறு வற்றிவிட்டது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டிய, நாற்பது நாள் கழிந்த பிள்ளை. மார்ஜரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாளியை இறக்கி, இழுத்து, குடத்தை நிரப்பினாள்.

"அந்தத் தண்ணிய புள்ளைக்குக் குடுக்காதீங்க!"

நுஸ்லா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆளை அடையாளம் கண்டதும் சிரித்தாள். "நீங்கதானே அக்கா போட்டோல குடிச்ச?"

"அந்தத் தண்ணிய என் புள்ள குடிக்கக்கூடாதுன்னுதான் நான் குடிச்சேன்."

நுஸ்லாவுக்கு விளங்கவில்லை. மார்ஜரி நைத்திரேற்று என்றாள், உரம் என்றாள், ரத்தம் மூச்சைச் சுமக்காது என்றாள். டொக்டர் சொன்னபோது நேராக இருந்த விஷயம் அவள் வாயில் கோணல் மாணலாக வந்தது. நுஸ்லா பொறுமையாகக் கேட்டாள். பிறகு மார்ஜரியின் இடுப்பில் இருந்த மதுஷிகாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஒங்கட புள்ள நல்லாத்தானே ஈக்குது அக்கா. உதடு சிவப்பா, அழகா."

பிள்ளை நீலமாக இருந்திருந்தால் நம்பியிருப்பார்கள்.

நுஸ்லா குடத்தை இடுப்பில் ஏற்றக் குனிந்தாள். மார்ஜரி குடத்தைத் தட்டிவிட்டாள். தண்ணீர் வழிந்து மண்ணுக்குள் போனது.

"என்னக்கா இது! பைத்தியமா?"

மார்ஜரி லயத்துக்குள் ஓடினாள். கட்டிலுக்கடியில் இருந்து கேனை இழுத்து, பால்மாவையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தூக்கி வந்தாள். நுஸ்லாவின் கண்ணெதிரே ஒரு போத்தலில் அதை ஊற்றி, பால்மா கரைத்து, மதுஷிகாவின் வாயில் வைத்தாள். பிறகு மிச்சத்தில் பாதியை நுஸ்லாவின் குடத்தில் சரித்தாள்.

"கெணத்துக்கு ரெண்டு எட்டுல இருக்கேன். நான் ஏன் புருசன பஸ்ஸுல அனுப்பித் தண்ணி எடுக்கணும்? யோசிச்சுப் பாருங்க."

நுஸ்லா யோசித்தாள். குடத்தின் அடியில் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள். தன் பிள்ளையின் விரலை எடுத்து, நகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. தலைமுந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடினாள்.

இதற்குள் கிணற்றடியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மாதிரிக் கிணற்றில் அள்ள ரோட்டுக்குக் கீழே இருந்து வந்தவர்கள், சத்தம் கேட்டு வந்த லயத்துப் பெண்கள். சிலர் இடுப்பில் பிள்ளை. மார்ஜரி சொன்னதை நுஸ்லா அவர்களுக்குச் சொன்னாள். நுஸ்லா சொன்னது மார்ஜரி சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. கபிரியேலின் மருமகள்கூட, இறக்கிய வாளியைத் தண்ணீர் அள்ளாமல் மேலே இழுத்துவிட்டாள்.

ஒருத்தியும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. கேனைப் பார்த்தார்கள்.

"எங்க புள்ளைக்கும் அதுல கொஞ்சம் ஊத்துங்க மார்ஜி" என்றாள் ஒருத்தி, செம்பை நீட்டி. அவளுக்குப் பின்னால் இன்னொரு செம்பு நீண்டது. அதற்குப் பின்னால் ஒரு கோப்பை.

ஊர்ச்சனம் மார்ஜரியை நம்பியது அதுதான் முதல் தடவை. அவள் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மதுஷிகாவின் பின்னேரப் போத்தல் ஒன்றுக்கு மட்டும் போதுமான தண்ணீர் கிடந்து சளசளத்தது.